உங்களை வளர்த்தது யார் யார்? கொழும்புத் தமிழருக்கு ஒரு செய்முறை

முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அலுமாரியின் மேல்தட்டில் காணி உறுதி, பழைய வங்கிப் புத்தகம் எல்லாம் கிடக்கிற பைலுக்குள் இருக்கும். அதோடு உங்கள் அடையாள அட்டை, ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை. செலவு அவ்வளவுதான்.

நாம் எப்படிப் பேசுகிறோம், எதற்குப் பயப்படுகிறோம், யார் வந்தால் எழும்புகிறோம், யாரை உட்காரச் சொல்ல மறந்துபோகிறோம் என்பதையெல்லாம் நமக்குப் பழக்கிவிட்டது யார், எப்போது, எதற்காக என்று தேடிப் பார்க்கப் போகிறோம். பாடப்புத்தகம் இதற்குச் சமூகமயமாக்கல் என்று பெயர் வைத்து, பால், இனம், வர்க்கம் என்று மூன்று தலைப்புப் போட்டுத் தனித்தனியாக நடத்தும். வீட்டில் அப்படித் தனித்தனியாக யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. அம்மா சொன்ன ஒரே வசனத்துக்குள் மூன்றும் கலந்து வந்தன. அதைப் பிரித்துப் பார்க்கிற வேலைதான் கீழே இருப்பது. ஒப்படை எழுதுகிற உயர்தரப் பிள்ளைக்கு உதவும், பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

கடதாசியில் தொடங்குவோம்

சான்றிதழை மேசையில் விரித்து வைத்து, பெயரை விட்டுவிட்டு மற்றக் கூடுகளைப் பாருங்கள். பால். தந்தையின் இனம். தந்தையின் பதவி அல்லது தொழில். தாயின் இனம். தாயின் தொழில் என்று தேடினால் கிடைக்காது, அவர் ஆசிரியையாக இருந்தாலும் சரி, புடவைக்கடை நடத்தினாலும் சரி, பழைய படிவத்தில் அவரிடம் வயதுதான் கேட்டிருப்பார்கள். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று இன்னொரு கூடு. இன்னும் கழுத்தே நிற்காத குழந்தைக்கு ஆணா பெண்ணா, எந்த இனம், என்ன வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாயிற்று.

கீழே பாட்டனார் பற்றி ஒரு கூடு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தந்தை இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாரின் விபரம். குழந்தையின் சான்றிதழில் பூட்டனுக்கு என்ன வேலை? 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை நினைவுபடுத்திக்கொண்டால் விளங்கும். அந்தச் சட்டப்படி தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அது முடியாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். சொத்தும் பத்திரமும் இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய காரியமில்லை. லயன் அறையில் இருந்தவர்களிடம் தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர் நாடற்றவர் ஆனார்கள், மிச்சமிருந்த சிக்கலைத் தீர்க்க 2003 இல் ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது. இதில் அம்மா வழி, அம்மம்மா வழி எதுவும் கணக்கிலேயே இல்லை. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை போகலாம் என்பதும் அதே 2003 இல் வந்த திருத்தம்தான். ஆக, இனத்தைக் காட்டித் தள்ளியது யாரை, ஏழை என்பதால் கடதாசி இல்லாமல் போனது யாருக்கு, பெண் என்பதால் கேட்கப்படாமல் போனது யார் என்ற மூன்று கேள்விக்கும் விடை அந்த ஒரு கூட்டுக்குள் கிடக்கிறது.

அடுத்து அடையாள அட்டை இலக்கம். பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பதைச் சொல்லும். ஜனவரி 10 இல் பிறந்த பையனுக்கு 010. அதே நாளில் அதே ஆஸ்பத்திரியில் பிறந்த பெண்ணுக்கு 510. பெண்கள் என்றால் 500 ஐக் கூட்டிவிடுவார்கள். பழைய அட்டைகள் பல சிங்களத்தில் மட்டும் இருந்த காலத்தில், உங்கள் அட்டையில் தமிழ் எழுத்தும் இருந்தது என்றால், வாயைத் திறக்க முன்னமே நீங்கள் யார் என்று காவலரணில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இதுதான்: இந்தக் கூடுகளில் எது உங்கள் குடும்பத்துக்கு ஒரு கதவைத் திறந்தது, எது மூடியது. முதலாம் ஆண்டுப் பாடசாலை அனுமதிக்கு வீட்டு உறுதி, கரண்ட் பில், வாக்காளர் இடாப்பு என்று கேட்டார்களே, அதைக் கொடுக்க முடிந்ததா, யாரைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் சேருங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கும். அந்த நேர்முகத் தேர்வை எந்த அம்மாவும் மறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டளைகளைச் சேர்ப்பது

இரண்டாவது வேலை கொஞ்சம் இழுபடும். பன்னிரண்டு வயதுக்குள் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட வசனங்களை எழுத வேண்டும். சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. அம்மா யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் அப்படியே, கொட்டாஞ்சேனைப் பேச்சில் சொன்னால் அப்படியே.

"மெதுவாக் கதை."
"ஆம்பிளைப் பிள்ளை அழுறதா?"
"பொட்டை அழிச்சிட்டுப் போ."
"ஐசி எடுத்திட்டியா?" (ஐசி என்றால் அடையாள அட்டை.)
"அந்தத் தோட்டத்துப் பிள்ளையளோட விளையாடப் போகாத."
"டொக்டரோட இங்கிலிஷ்ல கதை."
"எங்களுக்கேன் வம்பு?"

உட்கார்ந்து யோசித்தால் வராது. வெங்காயம் நறுக்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும்போது வரும். வந்தவுடன் போனில் குறித்துவிட்டுப் பிறகு கொப்பிக்கு மாற்றுங்கள். பத்துப் பதினைந்து சேர்ந்தால் தாராளம்.

சேர்ந்ததும் ஒவ்வொரு வசனத்திடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நான் ஆணாக இல்லாமல் பெண்ணாக, அல்லது பெண்ணாக இல்லாமல் ஆணாகப் பிறந்திருந்தால் இதை எனக்குச் சொல்லியிருப்பார்களா? நாங்கள் சிங்களவராக, அல்லது முஸ்லிம்களாக இருந்திருந்தால்? அப்பாவின் சம்பளம் பத்து மடங்காக, அல்லது பத்தில் ஒரு பங்காக இருந்திருந்தால்? வசனம் அப்படியே நிற்கிறதா, மாறுகிறதா, காணாமலே போகிறதா என்று பாருங்கள். முழுச் செய்முறையின் உயிரும் இதில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இதற்கு உதவிதான்.

சிலவற்றுக்கு விடை சட்டென்று கிடைக்கும். "ஆம்பிளைப் பிள்ளை அழுறதா" என்பது பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனும் கேட்டது, மாளிகாவத்தை முஸ்லிம் பையனும் கேட்டது, கறுவாத்தோட்டத்துப் பணக்காரப் பையனும் கேட்டது. இனம் மாறினாலும் பணம் மாறினாலும் அது அசையாது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த நாடு இதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறது. "பொட்டை அழிச்சிட்டுப் போ" பெண்ணுக்குச் சொன்னது, தமிழ்ப் பெண்ணுக்குச் சொன்னது, அதிலும் பஸ்ஸிலும் நடந்தும் போகிற பெண்ணுக்கு அதிகமாகச் சொன்னது. கண்ணாடி ஏற்றிய காரில் போனவளுக்கு அவ்வளவாக இல்லை.

இப்போது "ஐசி எடுத்திட்டியா" என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் கொழும்புத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களில் இதைக் கேட்காமல் செருப்புப் போட்டவர் அபூர்வம்.

பாலை மாற்றுங்கள். போர்க்காலத்தில் இது முதலில் மகனுக்கான வசனம், பதினாறு பதினேழு வயது வந்த தமிழ்ப் பையன் வெளியே போனால் திரும்பி வரும்வரை அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற ஊர்களில் ஆண்பிள்ளையை அவிழ்த்துவிட்டுப் பெண்பிள்ளையைக் கட்டிவைக்கிற வழக்கம், இங்கே பல வீடுகளில் அந்த ஆண்டுகளில் கொஞ்சம் தலைகீழானது. கடைக்கு அக்காவை அனுப்பினார்கள், பொலிஸ் நிலையத்துக்கு அம்மா போனார், அப்பாவும் அண்ணாவும் வீட்டுக்குள் இருந்தார்கள். பிறகு பெண்களையும் மறித்துச் சோதிக்கத் தொடங்கியதும் அந்தச் சின்ன வித்தியாசமும் போயிற்று. மகளுக்கு அதே வசனம் வந்தது, கூடவே "யாரோட போறாய், எத்தனை மணிக்கு வருவாய்" என்ற வாலும் வந்தது. அவளுக்கு இரண்டு பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

இனத்தை மாற்றினால் வசனம் ஏறக்குறையக் காணாமல் போகிறது. அதே மாடியில் எதிர்க் கதவில் இருக்கும் சிங்களத் தாயும் பயந்தார், பஸ்ஸில் குண்டு வெடிக்கும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் தன் மகனையே குண்டு வைத்தவன் என்று பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு இல்லை.

பணத்தை மாற்றிப் பாருங்கள், இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஒரே தமிழ் இளைஞன், கம்பெனி அட்டையும் நிலையான முகவரியும் வைத்துக்கொண்டு, காரைவிட்டு இறங்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் ஒரு கதை. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்கி, கடை மாடியிலேயே படுக்கிறவனுக்கு வேறு கதை. லொட்ஜில் தங்கியிருந்தவர்களுக்கு இன்னொரு கதை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. சொந்த பிளாட்டில் இருந்த தமிழருக்கு அந்த விடியற்காலை அப்படி விடியவில்லை. இனம் ஒன்றுதான், விழுந்த அடி ஒன்றல்ல.

போர் 2009 இல் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் சில வீடுகளில் அதே வசனம் அதே தொனியில் போய்க்கொண்டிருக்கிறது, சொல்கிறவருக்கே ஏன் என்று தெரியாமல். காரணம் போய்க் கட்டளை மட்டும் மிஞ்சி நிற்கிற இந்த மாதிரி வசனங்களுக்குக் கொப்பியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தமிழ் பேசும் முஸ்லிம் வாசகர்களுக்கு வேறு வசனங்கள் இருக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகம் மூடுவதற்குத் தடை வந்தபோது, பல இடங்களில் அபாயாவையும் சேர்த்தே முறைத்தார்கள். ஒரு இரவில் அக்காவுக்கும் தம்பிக்கும் வேறுவேறு புத்திமதி: அவளுக்கு உடுப்பு, அவனுக்குத் தாடி. அதே மூன்று கேள்வியைப் போடுங்கள், அதே மாதிரிப் பிரிந்து வரும்.

கொஞ்சம் படிப்பு

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹோர்டன் கூலி 1902 இல் சொன்னது இன்னும் பயன்படுகிறது: மற்றவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று நாம் நினைக்கிறோமோ, அந்தக் கற்பனையிலிருந்துதான் நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது. இது எவ்வளவு சின்ன வயதிலேயே நடக்கிறது என்பதைக் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி காட்டினார்கள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். பாடசாலைகளில் கறுப்பு வெள்ளைப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆனால் அதை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிடாதீர்கள். ஒப்படைகளில் எல்லாரும் செய்கிற வேலை அது. அங்கே இனம் தோலில் எழுதியிருக்கிறது. இங்கே காலி வீதியில் போகிற நூறு பேரில் யார் சிங்களவர், யார் தமிழர் என்று தோலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால்தான் இங்கே பெயரைப் பார்த்தார்கள், பொட்டைப் பார்த்தார்கள், 1983 ஜூலைக் கலவரத்தில் வாக்காளர் இடாப்பைப் பார்த்து வீடு தேடினார்கள், தெருவில் மறித்து உச்சரிப்பைக் கேட்டார்கள். நாக்கை வைத்து ஆளைப் பிடிக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கப்படுவது நாக்கைத்தான். நிறமும் நமக்குள் வேலை செய்கிறது, அது கலியாணச் சந்தையில் வேலை செய்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் குரலை நீங்களே ஒட்டுக்கேளுங்கள்

ஒரு வேலைநாளில் காலை முதல் இரவு வரை, எந்த இடத்தில் எந்த மொழிக்கு மாறினீர்கள், குரல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று மட்டும் குறியுங்கள். வீட்டில், ஓட்டோவில், 100 ஆம் இலக்க பஸ்ஸில், வங்கியில், ஆஸ்பத்திரியில், மரக்கறிக் கடையில். போன் அடிக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் நின்றால் "ஹலோ, ஓமோம் சொல்லுங்கோ" என்று எடுக்கிறவர், தெரியாத ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் திரையைப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பிறகு எடுக்கிறன்" என்று இரண்டு சொல்லில் முடிப்பார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கை மட்டும் தன்பாட்டில் வாய்க்குப் போகிறது.

பெண்கள் இந்தப் பட்டியலில் இன்னொரு கோடு சேர்ப்பார்கள்: எந்த இடத்தில் யாரோடாவது போனில் பேசுகிற மாதிரி நடித்தீர்கள். ஆண்களில் பலருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

வர்க்கம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் அதிகம் எழுதுகிறேன். கொழும்பு மாநகருக்குள் எந்த ஒரு இனத்தாரும் பாதிக்கு மேல் இல்லை. அப்படியிருந்தும், தாய்மொழி மூலம் படிக்கிற முறையால், தமிழ்ப் பாடசாலையில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளை சாதாரண தரம் முடிக்கும்வரை ஒரு சிங்களப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்காமலே வளரலாம். அப்போது சிங்களம் எங்கே படிக்கப்படுகிறது? கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்தில், ஒரு தண்ணீர்க் குழாயை இருபது வீடு பங்குபோடுகிற, தோட்டம் என்று இங்கே சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளில், தெருவிலேயே படிக்கப்படுகிறது. அங்கே வளர்ந்த தமிழ்ப் பையன் பேசுகிற சிங்களத்தில் யாரும் வித்தியாசம் பிடிக்க முடியாது. வெள்ளவத்தையில் பட்டயக் கணக்காளரின் மகன் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசினால் மூன்றாவதில் பிடிபட்டுவிடுவான். ஆனால் அவனுக்கு அது தேவைப்படுவதில்லை, ஏனென்றால் கவுண்டரில் அவன் ஆங்கிலத்தில் தொடங்குவான். ஆங்கிலம் கேட்டதும் எதிரில் இருப்பவர் ஒரு அங்குலம் நிமிர்ந்து உட்காருவார், அவர் சிங்களவரோ தமிழரோ. பணம் இருந்த வீட்டில் இனத்தை மறைக்க ஆங்கிலத்தைக் கொடுத்தார்கள், இல்லாத வீட்டில் தெரு சிங்களத்தைக் கொடுத்தது. இரண்டு பேரும் தமிழர்தான், இரண்டு பேருக்கும் மறைக்கப் பழக்கியிருக்கிறார்கள், மறைக்கிற துணி மட்டும் வேறு.

இதோடு ஒட்டியது டொக்டர் விஷயம். அனெட் லாரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள குடும்பங்களோடு கூடவே இருந்து பார்த்து எழுதினார்: நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் பிள்ளையை டொக்டரிடம் தானே கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள், தொழிலாளர் வீட்டுப் பெற்றோர் பெரிய இடத்தில் அடங்கி நிற்கப் பழக்குகிறார்கள், கறுப்பு வெள்ளை இரண்டு குடும்பங்களிலும் இந்த வர்க்க வித்தியாசம் தெளிவாக இருந்தது. இங்கே தனியார் ஆஸ்பத்திரி செனலிங் அறையிலும் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையிலும் ஒவ்வொரு மணித்தியாலம் நின்று பாருங்கள். யார் உட்கார்ந்தபடி பேசுகிறார்கள், யார் துண்டை நீட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து மருந்து கொடுப்பவரிடம் "என்னவாம் சொன்னாங்க?" என்று கேட்கிறார்கள் என்று. உங்களுக்கு எந்தப் பழக்கம் வந்திருக்கிறது? கொப்பியில் உண்மையை எழுதுங்கள், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

குசினிக்குள்

கஷ்டமான பகுதி இது. வீட்டில் யார் யாரை நீ என்கிறார்கள், யார் யாரை நீங்கள் என்கிறார்கள், யாருக்கு நீர் என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். கணவன் மனைவிக்கு நீர், மனைவி கணவனுக்கு நீங்கள், மாமி மருமகளுக்கு நீ. பிறகு யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிட்ட கோப்பையை யார் எடுக்கிறார்கள். இவ்வளவும் பாலைப் பற்றியது, எல்லாருக்கும் தெரிந்தது, சீக்கிரம் எழுதி முடித்துவிடலாம்.

வீட்டு வேலைக்கு ஆள் இருந்தால் அங்கே நிதானமாகுங்கள். பெரும்பாலும் பெண், பல வீடுகளில் மலையகத்திலிருந்து வந்தவர், எல்லா வீட்டிலும் காசில்லாதவர். அவருக்குத் தேத்தண்ணி எந்தக் கப்பில் கொடுக்கப்படுகிறது? அந்தக் கப் எந்தத் தட்டில் கவிழ்த்து வைக்கப்படுகிறது? ஐம்பது வயதுப் பெண்ணை ஏழு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா, அக்கா என்கிறதா? டீவி பார்க்கும்போது அவர் எங்கே இருக்கிறார்? அந்தப் பிள்ளைக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை, கப்பைப் பார்த்தே படித்துவிட்டது. கொழும்பில் தமிழர் என்பதால் நாம் வாங்கிக் கட்டியதையெல்லாம் மணிக்கணக்கில் சொல்கிற வீட்டில், அந்தக் கப் ஜன்னலோரம் தனியே இருப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இனத்தால் கீழே தள்ளப்பட்டவர் வர்க்கத்தால் மேலே நின்று இன்னொருவரைத் தள்ளலாம் என்பதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சாதியையும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், பாடப்புத்தகத்தின் மூன்று தலைப்பில் அது இல்லாவிட்டாலும். கொழும்பில் அதை நேரே கேட்கமாட்டார்கள். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கும். யாழ்ப்பாணம் என்றால் "யாழ்ப்பாணத்தில எங்க?" ஊர்ப்பெயர் வந்தால் "அங்க எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி?" மூன்றாவது கேள்வியோடு கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும், முகத்தில் ஒரு திருப்தி வரும். அந்தக் கேள்வி வரிசையை நீங்கள் எந்த வயதில் கேட்கப் பழகினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை

தமிழ்ப் பத்திரிகை ஒன்றை வாங்கி மணமகள் தேவை, மணமகன் தேவை பக்கத்தைத் திறவுங்கள். இனம், சமயம், சாதி, ஊர், தொழில், வெளிநாட்டு வதிவிடம், நிறம், உயரம், செவ்வாய், எல்லாம் நாலு வரிக்குள். ஆணுக்கு எந்தத் தகவல் முதலில் வருகிறது, பெண்ணுக்கு எது முதலில் வருகிறது என்று இரண்டு நிரலாகப் பிரித்து எழுதுங்கள். அவ்வளவுதான், விளக்கம் தேவைப்படாது.

அதே மேசையில் சீதன உறுதி இருந்தால் இன்னொன்று. தேசவழமை என்ற வழமைச் சட்டம் பொருந்துகிற யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண், தன் பெயரில் சீதனமாக எழுதிய பிளாட்டை விற்பதென்றால், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பொதுச் சட்டத்தின் கீழ் வருகிற எதிர் பிளாட்டுப் பெண்ணுக்கு வேண்டியதில்லை. அவருடைய கணவனுக்கும் இவருடைய கணவனுக்கும் இதைச் சொல்லி, யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் அதுவும் ஒரு ஆய்வுதான்.

பெரியவர்களிடம் கேட்கும்போது

"உங்களை ஒடுக்கினார்களா அம்மம்மா?" என்று கேட்காதீர்கள். "ச்சீ, அப்படியெல்லாம் இல்லை" என்று பதில் வரும், கதை அத்தோடு முடியும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். "இந்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகை ஏன் இல்லை?" "அம்மாவை ஏன் மருத்துவம் படிக்க விடவில்லை, மாமாவை விட்டீர்கள்?" "முதல் சம்பளத்தை யாரிடம் கொடுத்தீர்கள்?" 1983 பற்றி அவராக வந்தால் மட்டும் கேளுங்கள், வந்தால் குறுக்கே பேசாதீர்கள், போனில் பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கதையும் வரும், எதிர் வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்த கதையும் வரும். இரண்டையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதினால் ஒப்படைக்குப் புள்ளி கிடைக்கலாம், உங்களைப் பற்றி ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பட்டியல் நீள நீள, எல்லாவற்றையும் ஒன்றின் தலையில் கட்டுகிற ஆசை வரும். அரசியல் பேசுகிறவர் எல்லாம் இனம் என்பார், கொஞ்சம் இடதுசாரி என்றால் எல்லாம் வர்க்கம் என்பார். வசனத்தைத் திரும்ப எடுத்து மூன்று கேள்வியையும் மறுபடி போட்டால் அந்த ஆசை அடங்கும். இன்னொன்று, நாம் வெறும் பொம்மைகள் என்ற முடிவுக்கும் போகத் தேவையில்லை. "மெதுவாக் கதை" என்று நூறு தரம் கேட்ட வீட்டிலிருந்துதான் மேடையில் தொண்டை கிழியப் பேசுகிற பெண்ணும் வருகிறாள். எந்தக் கட்டளையை மீறினீர்கள், மீறியதற்கு வீட்டில் என்ன விலை கேட்டார்கள் என்று ஒரு பக்கம் கட்டாயம் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் கொப்பியிலேயே சுவையான பக்கம் அதுதான்.

கடைசியாக, வட்டம் போட்டவை

காரணம் போய்க் கட்டளை மட்டும் மிஞ்சியவை என்று வட்டம் போட்டீர்களே, அதில் ஒன்றை எடுத்து உங்கள் பிள்ளைக்குச் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். ஒன்றே போதும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்தப்போனால் வீட்டில் உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போடுவார்கள். காரணம் இன்னும் இருக்கிற கட்டளையென்றால் நிறுத்த வேண்டாம், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், மகளுக்கு மட்டும் சொன்னதை மகனுக்கும் சொல்லுங்கள். "போய்ச் சேர்ந்ததும் கோல் எடு" என்பதில் தவறொன்றும் இல்லை, அண்ணாவுக்கும் போன் இருக்கிறது. ஜன்னலோரக் கப்பை உள்ளே எடுத்து மற்றவற்றோடு வைக்க ஒரு நிமிடம் போதும். மாமியார் கேட்டால் அந்த ஜன்னலில் பூச்சட்டி வைக்கப்போகிறோம் என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வெறும் கொப்பியைச் சகோதரனுக்கோ சகோதரிக்கோ கொடுத்து, உங்களுடையதைக் காட்டாமல், அவர்களையும் கட்டளைகளை எழுதச் சொல்லுங்கள். ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சம்பளம், ஆனால் இரண்டு பட்டியலும் ஒத்துவராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது சத்தம் வரும், அழுகையும் வரலாம், "எனக்கு அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அம்மா நடுவில் வருவார். தீபாவளியன்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.